புது டேங்க்ல ஆறு டிஸ்கஸ், ரெண்டு கறுத்துப் போச்சுங்க: மருந்தா, தண்ணியா?

கோவை நீலம்:

வணக்கம்ங்க. ஊரு கோயம்புத்தூர். விவரம் எல்லாத்தையும் கீழ குடுத்திருக்கேன், எதை முதல்ல செய்யணும்னு சொல்லுங்க.

டேங்க் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ள நிக்கற தண்ணி சுமார் 220 லிட்டர். ஒரு கேனிஸ்டர் ஃபில்டர் (டேங்குக்கு வெளிய நிக்கற மூடின டப்பா ஃபில்டர்), 200 வாட் ஹீட்டர் ஒண்ணு. அடியில ரெண்டு இஞ்ச் சரளைக்கல். தண்ணி விட்டு மூணு வாரம், மீன் விட்டு ரெண்டு வாரம். ஆறு டிஸ்கஸ் (தட்டு மாதிரி இருக்கற அலங்கார மீன்), எல்லாம் 3 முதல் 4 இஞ்ச். கூட ஒரு டேங்க் கிளீனர் மீன், 5 இஞ்ச் இருக்கும்.

தண்ணி: சிறுவாணி குழாய்த் தண்ணிதான் ஊத்தறேன், டி.டி.எஸ். (கரைஞ்ச உப்போட அளவு) 45. வீட்ல போர் தண்ணியும் இருக்கு, அது 1100. இன்னைக்கு லிக்விட் கிட்ல பார்த்தது: டேங்க்ல பி.எச். 5.8, அம்மோனியா 2, நைட்ரைட் 0.5, கே.எச். (பி.எச். இறங்காமத் தாங்கற காரத்தன்மை) ஒரு டிகிரிகூட இல்ல. டிரம்ல இருக்கற சிறுவாணி பி.எச். 7. போர் தண்ணி பி.எச். 7.8, கே.எச். 16. டேங்க் சூடு 26 டிகிரி.

ரெண்டு மீன் உடம்பெல்லாம் கறுத்து, ஃபில்டர் குழாய்க்குப் பின்னாடி மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் வெச்சுட்டு நிக்குதுங்க. நாலு நாளா சாப்பிடல. எச்சம் வெள்ளையா நூல் மாதிரி தொங்குது. இன்னொரு மீன் ஒரு பக்கச் செவுளை மூடிட்டு மறு பக்கத்துல மட்டும் மூச்சு விடுது. அதே மீனுக்கு விலாவுல காசு அளவுக்கு வெளுத்த தழும்பு ரெண்டு இருக்கு. கடையில நீல மருந்து குடுத்தாங்க, ரெண்டு நாள் ஊத்தினேன். இப்ப மெட்ரானிடசோல்ங்கற ஒட்டுண்ணி மருந்தைப் போடச் சொல்றாங்க. போடலாமுங்களா? பி.எச். ரொம்ப இறங்கிருச்சே, போர் தண்ணி பாதி ஊத்தி ஏத்திடலாமான்னும் ஒரு யோசனை.

கருப்பு நதி:

முதலில் உங்கள் கடைசி வரிக்குப் பதில்: போர் தண்ணீரை இப்போது ஊற்றவே ஊற்றாதீர்கள். இன்றைக்கு உங்கள் மீன்களை உயிரோடு வைத்திருப்பதே அந்த 5.8 பி.எச். தான்.

அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருந்தால் மீனுக்குப் பெரிய கெடுதி இல்லை. கரைந்த அம்மோனியா வாயுவாக இருந்தால் செவுளை எரித்துவிடும். கிட் காட்டும் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) என்பது இரண்டும் சேர்ந்த கணக்கு. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச்.சும் வெப்பமும். பி.எச். ஒரு புள்ளி ஏறினால் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகும். 5.8-லிருந்து 7.8 என்றால் இரண்டு புள்ளி, அதாவது நூறு மடங்கு. 30 டிகிரியில் பி.எச். 7.8 இருந்தால் மொத்த அம்மோனியாவில் கிட்டத்தட்ட 5 சதவீதம் நச்சு வடிவம். உங்கள் 2 பி.பி.எம்.மில் அது 0.1. டிஸ்கஸ் அதைத் தாங்காது. பாதித் தண்ணீரைப் போர் தண்ணீராக மாற்றினால் மொத்த அம்மோனியா பாதியானாலும் நச்சு வடிவம் பல மடங்கு ஏறி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கலாம்.

பி.எச். ஏன் இறங்கியது? சிறுவாணி மிக மென்மையான தண்ணீர், அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மை அதில் இல்லை. ஃபில்டர் பாக்டீரியா ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போதும் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். கே.எச். தீர்ந்ததும் பி.எச். சரியும். 6-க்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியாவே வேலையைக் குறைத்துக்கொள்ளும், அம்மோனியா சேரும். போதாததற்கு நீல மருந்து. அது மெத்திலீன் ப்ளூவாகத்தான் இருக்கும்; ஃபில்டர் பாக்டீரியாவுக்கு அது விஷம். மூன்று வாரத் தொட்டியில் பாக்டீரியா பாதிகூட வளர்ந்திருக்காது, அதையும் அடித்துவிட்டீர்கள்.

இனி செய்ய வேண்டியது. டிரம்மில் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் ஓடிய சிறுவாணி, டேங்க் சூட்டுக்கே கொண்டுவந்தது, வெறும் சிறுவாணி மட்டும். அதில் 40 சதவீதம், அதாவது 88 லிட்டர் மாற்றுங்கள். இன்று மாலை ஒன்று, நாளை காலை ஒன்று, நாளை மாலை ஒன்று. அம்மோனியா 2-லிருந்து 1.2, 0.7, 0.4 என்று இறங்கும். சிறுவாணியில் கே.எச். இல்லாததால் பி.எச். துள்ளாது. அவசரத்தில் குழாய்த் தண்ணீரை நேராக எடுக்க நேர்ந்தால் ஆன்டி குளோரின் இல்லாமல் ஊற்றாதீர்கள். ஹைப்போ கல்லாக வாங்கினால் 100 லிட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம் போதும்.

நைட்ரைட் 0.5 இருப்பதால் லிட்டருக்கு 1 கிராம் அயோடின் சேர்க்காத கல் உப்பு, மொத்தம் 220 கிராம், ஒரு வாளியில் கரைத்து ஒரு மணி நேரத்தில் சிறிது சிறிதாகச் சேருங்கள். உப்பின் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் நுழைவதைத் தடுக்கும். அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது வெளியே போன 88 லிட்டருக்கு மட்டும் 88 கிராம் போட்டால் சரி.

கேனிஸ்டரில் கார்பன் பை ஒன்று வையுங்கள், மிச்ச நீலத்தை இழுத்துக்கொள்ளும். மருந்து போடும் நாள் வந்தால் கார்பனை மறக்காமல் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மருந்தையும் அதுவே குடித்துவிடும்.

அம்மோனியா 0.5-க்குக் கீழே வந்த பிறகுதான் போர் தண்ணீர். அதற்கடுத்த தண்ணீர் மாற்றத்தில் 5 சதவீதம் கலவை, பிறகு 10, பிறகு 15, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாள். 100 லிட்டருக்கு 85 சிறுவாணி, 15 போர் என்பதில் நின்றுகொள்ளுங்கள். டி.டி.எஸ். 200 சுற்றி வரும், கே.எச். சுமார் இரண்டரை இருக்கும். பி.எச். தானாக 7 பக்கம் நிற்கும். போர் தண்ணீரில் இரும்பு வாடையோ, வைத்தால் செம்மஞ்சள் படிவோ இருந்தால் அதை விட்டுவிட்டு சமையல் சோடா பயன்படுத்துங்கள்: 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கே.எச். ஒரு டிகிரி ஏறும்.

இது முடியும்வரை மெட்ரானிடசோல் வேண்டாம்.

தொட்டிக்காரன்:

மேல அண்ணன் சொன்ன தண்ணி விஷயம் அத்தனையும் சரி. ஆனா "மருந்து வேண்டாம்"ங்கறதை நான் அப்படியே ஒத்துக்க மாட்டேன். மருந்து வேணும். எந்த மீனுக்கு எது, எப்போங்கறதுதான் கேள்வி.

வெள்ளை எச்சம்னதும் எல்லாரும் ஹெக்சாமிட்டாங்கற குடல் ஒட்டுண்ணின்னு மெட்ரானிடசோலுக்கு ஓடறாங்க. நாலு நாள் பட்டினி கிடந்த மீன் குடல்ல சளிதான் இருக்கும், அதுவும் வெள்ளையாத்தான் வரும். தண்ணி சரியானதும் மீன் சாப்பிட ஆரம்பிச்சு, சாப்பிட்ட மறுநாளும் எச்சம் வெள்ளையா, கண்ணாடி மாதிரி, அங்கங்க முடிச்சு விழுந்து வந்தா அப்ப சந்தேகப்படுங்க. நெத்தி ஒட்டுதான்னும் பாருங்க. மீனை நேருக்கு நேர் பார்த்தா கண்ணுக்கு மேல தசை குவிஞ்சு இருக்கணும். கத்தி முனை மாதிரி ஒடுங்கி இருந்தா அது பழைய வியாதி, உங்க வீட்ல வந்தது இல்ல.

ஒரு செவுள் மூடின மீன் வேற கதை. அது பெரும்பாலும் செவுள் புழு. ஆனா அம்மோனியா எரிச்சலாலயும் மீன் செவுளை மூடும். தண்ணி சரியாகி மூணு நாள் ஆன பிறகும் அதே பக்கம் மூடியே இருந்தா, நடுநடுவுல கல்லுலயோ குழாய்லயோ உடம்பைத் தேய்ச்சா, பிராசிகுவான்டல்ங்கற புழு மருந்தைப் போடுங்க. லிட்டருக்கு 2 மில்லிகிராம். உங்க 220 லிட்டருக்கு 440, அதாவது 600 மி.கி. மாத்திரையில முக்கால் பங்கு. நல்லாப் பொடிச்சு, வெதுவெதுப்பான தண்ணியில ஒரு பாட்டில்ல போட்டு அஞ்சு நிமிஷம் குலுக்குங்க, சுலபத்துல கரையாது. மொத்த டேங்குக்கும் போடணும், ஒரு மீனைப் பிரிச்சுப் போட்டுப் பிரயோசனம் இல்ல. மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைத் தொடாது. அதனால ஆறாவது நாள் பாதித் தண்ணி மாத்திட்டு இன்னொரு முழு டோஸ் குடுக்கணும். நாய்க்குக் குடுக்கற கூட்டு மருந்து மாத்திரையில பிராசிகுவான்டல் இருக்குன்னு யாராச்சும் சொல்வாங்க. அதுல கூட ரெண்டு மருந்து இருக்கும், தொடாதீங்க.

கறுத்த ரெண்டுக்கும் மெட்ரானிடசோல் தேவைப்பட்டா டேங்க்ல போடாதீங்க. 60 லிட்டர் பிளாஸ்டிக் டப், உள்ள ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒரு ஹீட்டர். 400 மி.கி. மாத்திரை ஒண்ணைப் பொடிச்சு அந்த 60 லிட்டருக்கு. ரெண்டு மீனையும் ஒண்ணாவே விடுங்க, தனியா விட்டா டிஸ்கஸ் இன்னும் பயந்து போகும். மூணு பக்கமும் பேப்பர் ஒட்டி மறைச்சிடுங்க. தினமும் பாதித் தண்ணி மாத்திட்டு மறுபடி ஒரு மாத்திரை, அஞ்சு நாள். டப் தண்ணியை மெதுவா, ஒரு நாளுக்கு ரெண்டு டிகிரி வீதம், 32-க்கு ஏத்துங்க. ஏர் நல்லா ஓடணும். பெரும்பாலும் மூணாவது நாலாவது நாள் வாயைத் திறக்கும். சாப்பிட ஆரம்பிச்சதும் மருந்தைத் தீனியிலயே குடுக்கறது நல்லது: 1 கிராம் தீனிக்கு 10 மில்லிகிராம்.

உப்பு, பிராசி, மெட்ரோ எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டறது மட்டும் கூடாது. எது வேலை செஞ்சது, எது கெடுத்ததுன்னே தெரியாமப் போயிடும்.

அந்தக் காசளவு தழும்பு வியாதியே இல்ல. டேங்க் கிளீனர் ராத்திரி லைட் அணைஞ்சதும் டிஸ்கஸ் விலாவுல ஒட்டிக்கிட்டு மேல்தோல் சளியை உறிஞ்சுது. டிஸ்கஸுக்குச் சளி அதிகம், தன் குஞ்சுக்கே அதைத்தான் ஊட்டும். அதான் அதுக்கு இனிப்பா இருக்கு. இன்னைக்கே எடுத்துடுங்க. கடையில திருப்பிக் குடுங்க, தயவு செஞ்சு குளத்துலயோ வாய்க்கால்லயோ விட்றாதீங்க. ஏற்கனவே தமிழ்நாட்டு ஏரிகள்ல அது பெருகி நாட்டு மீனுக்கு இடம் இல்லாமப் பண்ணிட்டு இருக்கு.

மீன்பித்தன்:

26 டிகிரியை யாரும் கவனிக்கலயே. டிஸ்கஸுக்கு 26 குளிர். செரிமானம் மந்தமாகும், நோய் எதிர்ப்பு குறையும். 29-க்கு ஏத்துங்க, ஒரு நாளைக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல வேண்டாம். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: சூடு ஏறினா நச்சு அம்மோனியாவும் கொஞ்சம் ஏறும், தண்ணியில ஆக்சிஜன் குறையும். அதனால முதல் மூணு தண்ணி மாத்தம் முடிஞ்ச பிறகு ஏத்த ஆரம்பிங்க, ஒரு ஏர் ஸ்டோன் கூடவே ஓடட்டும்.

கோவையில மார்கழி ராத்திரி 20-க்குக் கீழயும் போகும். 220 லிட்டரை 29-ல நிறுத்த ஒரு 200 வாட் போதாது. 150 வாட் ரெண்டு போடுங்க, ஒரே 300 வேண்டாம். ஒண்ணு செத்தா இன்னொண்ணு ராத்திரியைத் தள்ளிடும். ஒண்ணு அணையாம ஒட்டிக்கிட்டாலும் 150 வாட்டால டேங்கைச் சீக்கிரம் கொதிக்க வைக்க முடியாது, நீங்க கவனிக்க நேரம் கிடைக்கும். ரெண்டையும் ஒரு எஸ்.டி.சி. 1000 கன்ட்ரோலர்ல (சூட்டை அளந்து ஹீட்டரைப் போட்டு அணைக்கற கருவி) மாட்டி அதுல 29 வைங்க. ஹீட்டர் தலையில இருக்கற திருகை 31-ல வைங்க. கன்ட்ரோலர் உள்ள இருக்கற ரிலே சுவிட்ச் ஒட்டிக்கிட்டாலும் 31-ல ஹீட்டர் தானே அணையும்.

கன்ட்ரோலரோட சென்சார் ஒயர் தண்ணி மட்டத்துல இருந்து முக்கால் அடி கீழ, சக்கர்ல அழுத்தி ஒட்டியிருக்கணும். தண்ணி மாத்தும்போது அது வெளிய தொங்கினா காத்தோட 22 டிகிரியைப் படிச்சுட்டு ஹீட்டரை அணைக்கவே அணைக்காது. டிஸ்கஸ் வெந்து போறதுக்கு இதுவும் ஒரு காரணம். தண்ணி எடுக்கறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிஷம் விடுங்க, சூடான ஹீட்டர் கண்ணாடி வெளிக்காத்து பட்டா விரிசல் விடும். ஹீட்டரைக் கீழ படுக்க வெச்சு மாட்டினா இந்தப் பிரச்சனை பாதி குறையும். ஒயரெல்லாம் பிளக்குக்குக் கீழ ஒரு தொங்கல் விட்டு மேல போகணும். லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கற சுவிட்ச்) இல்லன்னா போடுங்க.

கரண்ட் போனா பயப்பட வேண்டியது சூட்டுக்கு இல்ல. 220 லிட்டர் மெதுவாத்தான் ஆறும். ஆக்சிஜன்தான் முதல்ல தீரும். பேட்டரியில ஓடற சின்ன ஏர் பம்ப்ல ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரை நிரந்தரமா மாட்டிடுங்க. கேனிஸ்டர் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல நின்னுட்டா உள்ள இருக்கற பாக்டீரியா மூச்சு முட்டிச் சாக ஆரம்பிக்கலாம். கரண்ட் வந்ததும் அந்த அழுகின தண்ணி அப்படியே டேங்க்ல இறங்கும். திறந்து, பஞ்சை டேங்க் தண்ணியில அலசிட்டு அப்புறம் ஓட்டுங்க.

சரளையையும் எடுத்திடுங்க. 4 இஞ்ச் டிஸ்கஸ் வளர்ற வயசு, தினம் மூணு நாலு தடவை தீனி கேட்கும். மிச்சம் கல்லுக்கடியில போய் அழுகும். ஆனா ஒரே நாள்ல வேண்டாம், கல்லுலயும் கொஞ்சம் பாக்டீரியா இருக்கு. நைட்ரைட் பூஜ்யம் ஆன பிறகு வாரத்துக்கு மூணுல ஒரு பங்கு.

கோவை நீலம்:

எல்லாருக்கும் நன்றிங்க. டேங்க் கிளீனரைத் திருப்பிக் குடுத்தாச்சு. தண்ணி மூணு தடவை மாத்தினேன், அம்மோனியா 0.5-க்கும் கீழ, நைட்ரைட் 0.25, பி.எச். 6.3. ரெண்டாவது ஹீட்டரும் கன்ட்ரோலரும் போட்டு 28 வரைக்கும் வந்தாச்சு. கறுத்ததுல ஒண்ணு வெளிய வந்து தீனி எடுக்குது, நிறமும் திரும்புது. இன்னொண்ணு இன்னும் மூலையிலதான். செவுள் மூடின மீன் அப்படியே இருக்கு, ரெண்டு தடவை குழாய்ல தேய்ச்சுது.

ரெண்டு சந்தேகம்ங்க. டிஸ்கஸ்னாலே மாட்டு இதயம்தான்னு எல்லா இடத்துலயும் சொல்றாங்க, எங்க வீட்ல அது சேர்க்க மாட்டோம். வேற என்ன குடுக்கறது? இன்னொண்ணு, ஆறு மீன்ல ஒண்ணு மத்ததைத் துரத்துது. ரெண்டைக் குறைச்சு நாலா வெச்சுக்கலாமா?

தொட்டிக்காரன்:

பிராசிக்கு நேரம் வந்தாச்சு. கார்பனை எடுத்துட்டு நாளைக் காலையில முதல் டோஸ். ரெண்டு நாள் தீனி குறைவாப் போடுங்க. மூலையில நிக்கறதை அதுவரைக்கும் டேங்க்லயே விடுங்க, அதுக்கும் புழு இருக்கலாம். பிராசி போட்டு மூணு நாள் கழிச்சும் அது சாப்பிடலன்னா அப்ப டப்.

மூச்சை எண்ணுங்க. 15 நொடி எண்ணி நாலால பெருக்குங்க. நிமிஷத்துக்கு 60, அதாவது நொடிக்கு ஒண்ணு சுமாரா இருந்தா நிம்மதி. நொடிக்கு ரெண்டு பக்கம் போனா செவுள்ல இன்னும் கோளாறு இருக்கு.

மீன்பித்தன்:

மாட்டு இதயம் கட்டாயம் இல்ல. மலிவு, புரதம் அதிகம், சீக்கிரம் வளரும், அதனால பண்ணைக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. அந்தக் கொழுப்பு டேங்க் சூட்டுல உறைஞ்சே கிடக்கும், சரியா நீக்காமக் குடுத்தா மீனுக்கும் கெடுதி, தண்ணிக்கும் கெடுதி.

இறால் வெச்சே செய்யலாம். ஓடும் குடல் நரம்பும் எடுத்த இறால் 500 கிராம், முள் இல்லாத வெள்ளை மீன் சதை 300, ஆவியில வேக வெச்சுப் பிழிஞ்ச பாலக்கீரை 100, ஸ்பைருலினா தூள் 30, பூண்டு ரெண்டு பல். மிக்ஸியில கொரகொரன்னு அரைங்க, மையா அரைச்சா தண்ணியில மேகம் மாதிரி கலங்கும். 20 கிராம் ஜெலட்டினை வெந்நீர்ல கரைச்சு ஆறினதும் கலந்து, ஜிப் கவர்ல தட்டையா அமுக்கி ஃப்ரீசர்ல வைங்க. சப்பாத்தி கனம் போதும், ஒடிச்சுப் போட வசதி. ஒரு வேளைக்கு ஒரு நல்ல குருணைத் தீனியும் பழக்குங்க. எந்தத் தீனியா இருந்தாலும் 15 நிமிஷத்துல மிச்சத்தை உறிஞ்சி எடுத்திடணும். உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு வேண்டவே வேண்டாம், சாக்கடையில வளர்றது அது. இப்ப நீங்க படற பாட்டை மறுபடி வீட்டுக்குக் கூட்டிட்டு வரும்.

கருப்பு நதி:

ஆறைக் குறைக்காதீர்கள். டிஸ்கஸ் கூட்டத்தில் ஒரு தலைவன் எப்போதும் இருக்கும். ஆறு இருந்தால் அடி ஐந்தாகப் பிரியும், நாலு இருந்தால் ஒரே மீன் மேல் விழும். துரத்தப்படும் மீன் அந்த நேரம் கறுத்து, தீனி விழுந்ததும் நிறம் திரும்பி ஓடி வந்தால் கவலை இல்லை. தீனிக்கும் வராவிட்டால்தான் நோய். தீனியை ஒரே இடத்தில் போடாமல் இரண்டு முனையிலும் போடுங்கள். 220 லிட்டரில் ஆறு என்பது வளர்ந்த பிறகு இடுக்கம்தான், அதற்கு விலை தண்ணீர் மாற்றம்: இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் 40 சதவீதம், 6 இஞ்ச் ஆனதும் வாரம் மூன்று முறை.

சிறுவாணி வராத நாளுக்கு 200 லிட்டர் டிரம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 85-க்கு 15 கலவை தயாராக ஏர் ஓடிக்கொண்டிருக்கட்டும், மற்றது நிரம்பட்டும். போர் தண்ணீரை மோட்டார் போட்டதும் நேராக அளக்காதீர்கள். நிலத்தடியிலிருந்து வரும்போது அதில் கரியமில வாயு நிறைய இருக்கும், பி.எச். குறைவாகக் காட்டும், ஒரு நாள் ஏர் ஓடிய பின் காட்டுவதே உண்மை.

இனி புது மீன் வாங்கினால் இந்தத் தொட்டியில் நேராக விடாதீர்கள். அதே 60 லிட்டர் டப்பில் குறைந்தது நான்கு வாரம் தனியே. வெளியூரிலிருந்து பொட்டலத்தில் வந்த மீன் என்றால் இன்னொரு எச்சரிக்கை. பல மணி நேரம் மூடிய பையில் மீன் விட்ட கரியமில வாயுவால் பி.எச். தாழ்ந்து, அம்மோனியா சேர்ந்திருந்தும் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அடங்கிய அம்மோனியா நச்சாகும். திறந்த பையில் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது அந்த மீனை அதே நச்சில் ஊற வைப்பதுதான். மூடிய பையை 20 நிமிடம் மிதக்க விட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். கடைக்காரரின் தண்ணீர் டி.டி.எஸ். எவ்வளவு என்று முன்பே கேட்டு, டப் தண்ணீரை அதற்கு நெருக்கமாக வைத்திருங்கள். திறந்த உடனே மீனை மட்டும் கையால் எடுத்து டப்பில் விட்டு, பைத் தண்ணீரைக் கழிவுக்கு ஊற்றுங்கள்.

பிராசி இரண்டாவது டோஸ் போடும் முன் அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் எடுத்து இங்கே போடுங்கள். பி.எச். 7-ஐத் தாண்டியிருந்து அம்மோனியா 0.25 காட்டினாலும் முதலில் தண்ணீர் மாற்றம், அடுத்த நாள் மருந்து.